கண் மஞ்சளாகாத நோயாளி

எங்கள் ஊரில் மஞ்சள் காமாலை வந்தவனுக்குக் கிடைக்கிற மரியாதை வேறு எந்த நோயாளிக்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை. காய்ச்சலோடு பள்ளிக்கு விரட்டுகிற வீட்டில்கூடக் காமாலைக்காரனுக்குத் திண்ணையோரம் தனிப் பாய் விரித்துவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு வந்தது. அம்மா விடிவதற்கு முன்பே வரப்போரம் போய்க் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்து, அம்மியில் அரைத்து, சுண்டைக்காய் அளவு உருண்டையை மோரில் கரைத்துக் கொடுப்பார். உப்பு இல்லை, புளி இல்லை, எண்ணெய் கிட்டவே வரக்கூடாது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் உள்ளே வந்து என் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "இறங்கியிருக்கிறது" என்றோ "இன்னும் நிற்கிறது" என்றோ தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார்கள். இளநீர் வந்தது, கரும்புச் சாறு வந்தது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்து என் உள்ளங்கையில் எதையோ தேய்த்து, சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவச் சொன்னார். தண்ணீர் மஞ்சளாக மாறியது. உடம்பில் இருந்த காமாலை இறங்கிவிட்டது என்றார்கள். மாமரப் பட்டைச் சாற்றைத் தடவிச் சுண்ணாம்பு நீரில் கழுவினால் யாருடைய கையானாலும் தண்ணீர் மஞ்சளாகும் என்பது வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அத்தனை பேர் வந்து போனதில் ஒருவர்கூட "எப்படி வந்தது?" என்று என்னைக் கேட்கவில்லை. காமாலை வரும், போகும். அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

என் அக்கா மகனுக்கு வந்தபோது எல்லோரும் முதலில் கேட்டதே அதைத்தான்.

அவனுக்குக் கண் மஞ்சளாகவில்லை. பசி குறையவில்லை, வாந்தி இல்லை, உடம்பு ஒரு சுற்று பெருத்துத்தான் இருந்தது. கத்தாரில் எலெக்ட்ரீஷியன் வேலைக்கு ஏஜென்டிடம் முன்பணம் கட்டியாகிவிட்டது. வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் எடுக்க வேண்டிய மருத்துவச் சோதனைக்காகத் திருச்சிக்குப் போனான். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். முடிவு 'அன்ஃபிட்' என்று வந்தது. காரணம் இருந்த கட்டத்தில் எச்.பி.எஸ்.ஏஜி பாசிட்டிவ் என்று ஒரு வரி. கல்லீரலை வீங்கவைக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் புரதம் ரத்தத்தில் இருக்கிறது என்று அதற்குப் பொருள். ஆனால் அந்த மையத்தில் யாரும் எதையும் விளக்கவில்லை. "ஹெபடைடிஸ் பி இருக்கிறது, பெரிய டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் பஸ்ஸில் வரும்போதே கைப்பேசியில் தேடியிருக்கிறான். ரத்தம், ஊசி, உடலுறவு, எய்ட்ஸ் பரவும் அதே வழிகள் என்று படித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்திருக்கிறான்.

அத்தான் அவனிடம், "எங்கே போய் வாங்கிக்கொண்டு வந்தாய்?" என்று கேட்டார். நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் அந்த வார்த்தை வந்துவிட்டது. பையன் பதில் சொல்லவில்லை. சாப்பிடவும் இல்லை. அவனுடைய அப்பத்தா ஒரு எவர்சில்வர் தட்டையும் டம்ளரையும் எடுத்து அலமாரியின் கீழ்த்தட்டில் தனியாக வைத்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, கைக்குழந்தை வந்துபோகிற வீடு என்று நினைத்துச் செய்தது. ஆனால் இருபத்தாறு வயதுப் பையனுக்கு அந்தத் தட்டு என்ன சொல்லியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் அவனைக் கூட்டிக்கொண்டு போனது காமாலைக்கு மருந்து கொடுக்கும் ஒரு வைத்தியரிடம். அந்தப் பெரியவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், சிறுநீர் என்ன நிறம் என்று கேட்டார். "இவனுக்குக் காமாலையே இல்லையே, எதற்கு மருந்து?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். காசும் வாங்கவில்லை. அவர் சொன்னது உண்மைதான். அவனுக்குக் காமாலை இல்லை, ஹெபடைடிஸ் பி வைரஸ் மட்டும்தான் இருந்தது. ஆனால் வீட்டில் இது வேறு மாதிரி போய் விழுந்தது. காமாலை என்றால் நம் வீட்டு நோய். காமாலை இல்லாத இந்த ஹெபடைடிஸ் வெளியிலிருந்து கொண்டுவந்த நோய். அத்தானுடைய சந்தேகம் அன்றிலிருந்து இன்னும் கெட்டியாகிவிட்டது.

சீட்டின் பின்புறத்தில் ஐந்து எழுத்துகள்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கல்லீரலுக்கென்று வாரத்தில் ஒரு நாள் வெளிநோயாளர் பிரிவு நடக்கிறது. காலை ஏழு மணிக்கே சீட்டு வாங்க வரிசை நின்றுவிடும். பெஞ்சில் இருந்த பாதிப் பேர் கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் பழைய ரிப்போர்ட்டுகள், ஸ்கேன் படங்கள். எங்களுக்கு வாய்த்தவர் இளம் மருத்துவர். அவசரத்தில்தான் இருந்தார், ஆனாலும் பையனின் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். ஓ.பி. சீட்டைத் திருப்பி அதன் பின்புறத்தில் ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து எழுத்துகளை எழுதினார். ஐந்தும் ஹெபடைடிஸ் வைரஸ்களின் பெயர்கள். ஏ-யையும் இ-யையும் ஒரு வட்டத்துக்குள் போட்டு 'தண்ணீர்' என்று எழுதினார். பி, சி இரண்டையும் இன்னொரு வட்டத்துக்குள் போட்டு 'ரத்தம்'. டி மட்டும் பி-யின் தோளில் தொங்குகிற மாதிரி ஓரமாக இருந்தது. பி இல்லாத உடம்பில் டி-யால் தனியாகத் தொற்ற முடியாது, இங்கே அதிகம் பார்ப்பதுமில்லை என்று அதை அத்தோடு விட்டுவிட்டார்.

அவர் சொன்னதன் சாரம் இது. வாந்தி, பசியின்மை, மஞ்சள் கண் என்று ஆர்ப்பாட்டமாக வருவது பெரும்பாலும் தண்ணீர் வட்டத்தைச் சேர்ந்தது. சாக்கடை கலந்த குடிநீரில் வருகிறது, சில வாரங்கள் படுத்துகிறது, பெரும்பாலோரிடம் தானாகவே போய்விடுகிறது. அதைக் கொல்வதற்கென்று தனி மருந்து கொடுப்பதில்லை. ஓய்வு, வயிறு ஏற்கிற சாப்பாடு, வேண்டாத மாத்திரைகளை நிறுத்துவது, அவ்வளவுதான் வைத்தியம். புதிதாகத் தொற்றும்போது உடம்பு உண்டாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளை ரத்தத்தில் பார்த்தால் ஏ-யா இ-யா என்று தெரிந்துவிடும். ரத்தம் உறைகிற நேரம் நீண்டாலோ, நோயாளி சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தூங்கிக்கொண்டே இருந்தாலோ கல்லீரல் செயலிழக்கிறது என்று பொருள். அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. நிறைமாத கர்ப்பிணிக்கு இ வந்தால் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. கடைசி மூன்று மாதங்களில் அது தொற்றிய பெண்களில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பேர்வரை இறந்திருக்கிறார்கள்.

இந்த இ-யின் கதை நம் நாட்டோடு பின்னிக் கிடக்கிறது. 1955 கடைசியில் யமுனையில் கழிவுநீர் கலந்து டெல்லியில் ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அப்போது எல்லோரும் அதை ஏ என்றே நினைத்தார்கள். 1978இல் காஷ்மீரில் கிராமம் கிராமமாகப் பரவியபோது முகமது சுல்தான் குரூ என்ற மருத்துவர் கர்ப்பிணிகள் செத்து விழுவதைப் பார்த்து, இது ஏ அல்ல, வேறொன்று என்று சொன்னார். டெல்லியில் அன்று எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்த ரத்த மாதிரிகளைப் பின்னாளில் சோதித்தபோது அவர் சொன்னதுதான் சரியென்று ஆனது. 1983இல் மிகயீல் பலயான் என்ற சோவியத் ஆய்வாளர், நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தானே குடித்து, தனக்குக் காமாலை வரவழைத்து, தன் மலத்திலிருந்தே அந்த வைரஸை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். இதையெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் மனத்தில் ஓடியது வேறு. அப்படியானால் ஒன்பதாம் வகுப்பில் என் காமாலையை இறக்கியது கீழாநெல்லியா, சுண்ணாம்புத் தண்ணீரா, அல்லது சும்மா இருந்திருந்தாலும் இறங்கியிருக்குமா?

கீழாநெல்லிக்காக இரண்டு பத்தி

இந்த இடத்தில் நம் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். எனக்கு இரண்டு கட்சியிலும் முழு இடம் இல்லை. கீழாநெல்லி வெறும் பாட்டி வைத்தியம் என்று தள்ளுகிறவர்களுக்குத் தெரியாத ஒன்று, அது 'லான்செட்' மருத்துவ இதழ்வரை போய்வந்த செடி என்பது. 1988இல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ஹெபடைடிஸ் பி-யை உடம்பில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை ஒரு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்திலிருந்து எச்.பி.எஸ்.ஏஜி என்ற அந்த வைரஸ் புரதம், அதாவது ஆன்டிஜென், மறைந்துவிட்டது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. கட்டுரையில் பெயர் போட்டிருந்தவர்களில் ஒருவர் பாருக் பிளம்பர்க். ஹெபடைடிஸ் பி-யைக் கண்டுபிடித்தவரே அவர்தான். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் அவர் பார்த்த புரதம்தான் இன்று எச்.பி.எஸ்.ஏஜி என்று சீட்டில் எழுதுகிறார்களே, அது. அதற்காக 1976இல் நோபல் பரிசு வாங்கியவர். அவருடைய பிறந்த நாளான ஜூலை 28தான் உலக ஹெபடைடிஸ் நாள்.

கீழாநெல்லி ஒன்றுக்கும் ஆகாது என்பவர்களுக்கு இந்தக் கதை போதும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. தாய்லாந்திலும் பிற இடங்களிலும் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது அந்த வெற்றி திரும்பக் கிடைக்கவில்லை. செடியின் வகை வேறா, மண் வேறா, முதல் சோதனையின் ஆட்கள் எண்ணிக்கை குறைவா என்று பேசிப் பேசி, கடைசியில் பி-க்கு அதை மருந்தாகக் கொடுக்கலாம் என்று சொல்வதற்கான ஆதாரம் சேரவில்லை. தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் நம் வரப்புச் செடியை ஒழுங்கான சோதனைக்கு உட்படுத்தினார்கள், அது எனக்குப் பெருமைதான். மற்றவர்கள் சரிபார்த்தபோது நிற்கவில்லை, அதையும் அதே மரியாதையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும். தண்ணீர்க் காமாலையில் எப்படியும் இறங்கப்போகிற மஞ்சளுக்குக் கிடைத்த நல்ல பெயரை வைத்துக்கொண்டு, இறங்காத பி-க்கும் அதையே கொடுத்து வருடங்களைக் கடத்துவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இயற்கை மருந்து எந்தக் கெடுதலும் செய்யாது என்கிற நம்பிக்கையும் ஆபத்து. கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயம் குடித்துக் கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். மூலிகையோ மாத்திரையோ கல்லீரல் வழியாகத்தானே போயாக வேண்டும். காசநோய் மாத்திரை, அளவு மீறிய பாராசிட்டமால், சாராயம், சொந்த எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்குகிற கோளாறு, எல்லாமே கல்லீரலை வீங்கச் செய்யும். அவை எல்லாமே ஹெபடைடிஸ்தான், வைரஸ் இருக்க வேண்டும் என்பதில்லை.

மருத்துவரும் அதே கேள்வியைக் கேட்டார்

பையனுக்கு ஒரு பட்டியல் சோதனைகள் எழுதினார். கல்லீரல் செல் சேதமானால் ரத்தத்தில் ஏறும் எஸ்.ஜி.பி.டி., கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் முதலியவை அடங்கிய கல்லீரல் சோதனை, வைரஸ் வேகமாகப் பெருகுகிறதா என்று காட்டும் எச்.பி.ஈ.ஏஜி, ரத்தத்தில் எத்தனை வைரஸ் ஓடுகிறது என்று எண்ணும் வைரல் லோடு, வயிற்று ஸ்கேன். ஹெபடைடிஸ் சி-க்கும் எச்.ஐ.வி.க்கும் சேர்த்து எழுதினார். ஒரு முறை பாசிட்டிவ் என்று வந்ததால் நாள்பட்டது என்று சொல்லிவிட முடியாது, ஆறு மாதத்துக்கு மேலும் அந்த ஆன்டிஜென் ரத்தத்தில் இருந்தால்தான் அப்படிச் சொல்வார்கள், புதிதாகத் தொற்றியதா என்று பார்க்க இன்னொரு ஐ.ஜி.எம். சோதனை இருக்கிறது என்றார். எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "வீட்டில் வேறு யாருக்காவது பார்த்திருக்கிறீர்களா? அம்மாவுக்கு?" என்று கேட்டார். அக்கா, "எனக்கு எதற்கு, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றார். மருத்துவர் இப்போது நிமிர்ந்தார். "உங்கள் அம்மா இருக்கிறார்களா? எதனால் இறந்தார்கள்?"

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் அம்மா வயிறு ஊதி, கால் வீங்கி, கை குச்சியாகி இறந்தார். ஊரில் அதை மகோதரம் என்றார்கள். வயிற்றிலிருந்து பலமுறை நீர் எடுத்தார்கள், எடுக்க எடுக்க ஊறியது. கல்லீரல் சுருங்கிவிட்டது என்று சொன்ன மருத்துவர் எங்களைத் தனியே அழைத்து, "அம்மாவுக்குக் குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டார். வெற்றிலைகூடப் போடாத மனுஷி. அந்தக் கேள்வி எப்படியோ வார்டிலிருந்து ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கருமாதிக்கு வந்த ஒரு பெரிய மனுஷர் என் தோளில் கை போட்டு, "வெளியில் தெரியாமல் எத்தனையோ இருக்கும் தம்பி" என்றார். இன்றுவரை அந்த ஆளோடு நான் பேசுவதில்லை. அம்மாவின் ரத்தத்தில் எச்.பி.எஸ்.ஏஜி பார்த்தார்களா என்று தேடினேன். மஞ்சள் பையில் மிச்சமிருந்த காகிதங்களில் அப்படி ஒரு சோதனை இல்லை. ஆகவே அம்மாவுக்கு பி இருந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அக்காவின் ரிப்போர்ட் வந்தபோது அதில் பாசிட்டிவ் என்றிருந்தது.

அக்காவின் எஸ்.ஜி.பி.டி. ஏறியிருந்தது. வைரல் லோடு ஆறு இலக்கத்தில் இருந்தது. ஃபைப்ரோஸ்கேன் என்று ஒரு சோதனை. விலாவுக்கு மேல் ஒரு கருவியை வைத்துத் தட்டுகிறார்கள், அதிர்வு போகிற வேகத்தைக் கொண்டு கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கணக்கிடுகிறது. ஏழுக்குள் இருக்க வேண்டிய எண் பத்தைத் தொட்டிருந்தது. தழும்பு விழுந்திருக்கிறது, இன்னும் சுருக்கம் என்று சொல்லும் நிலைக்கு வரவில்லை என்றார்கள். மாதம் முழுக்க வயல் வேலை பார்த்துக்கொண்டு, ஒரு நாள்கூடப் படுக்காமல், கண்ணில் மஞ்சள் இல்லாமல் அவர் அப்படி இருந்திருக்கிறார். ரத்தத்தில் பிலிருபின் சாதாரண அளவைப்போல இரண்டு மூன்று மடங்கு ஏறினால்தான் கண்வெள்ளையில் மஞ்சள் தெரியும். தழும்பு விழுந்த கல்லீரல்கூட வெகு காலம் அந்த வேலையைச் சமாளித்துக்கொண்டே இருக்கும். வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் சத்தமே போடாமல் உள்ளே சுவரை இடித்துக்கொண்டிருந்தால் வீட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும்?

பையனுக்கு நிலைமை இதைவிடத் தேவலை. எச்.பி.ஈ.ஏஜி நெகட்டிவ், வைரல் லோடு சில நூறுதான், எஸ்.ஜி.பி.டி. சரியாக இருந்தது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து ரத்தமும் ஸ்கேனும் பார்த்தால் போதும் என்றார்கள். அத்தானுக்குப் பார்த்ததில் ஆன்டிஜென் இல்லை, ஆனால் எப்போதோ பி வந்து தானாகப் போனதற்கான எதிர்ப்பொருள் இருந்தது. வந்ததே அவருக்குத் தெரியாது. வயது வந்தவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இப்படித்தான், உடம்பே விரட்டிவிடும். பிறக்கும்போது தொற்றினால் நேர் எதிர். அப்படித் தொற்றிய குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கு ஆயுள் முழுக்கத் தங்கிவிடுகிறது. மகனைப் பார்த்து "எங்கே போய் வாங்கி வந்தாய்" என்று கேட்டவர் தாமே வாங்கி, தமக்கே தெரியாமல் தீர்த்துவிட்டு நடமாடியிருக்கிறார். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெகு நேரம் பேசவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை, சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

எனக்கும் பார்த்தார்கள். எனக்கும் அத்தானுடையதே முடிவு. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவரில் அக்காவுக்குத் தங்கியது, எனக்குப் போய்விட்டது.

அக்கா அன்று மாலை பஸ் ஸ்டாண்டில், "அப்படியானால் நான்தான் அவனுக்குக் கொடுத்தேனா?" என்று கேட்டார். சந்தேகம் மகனை விட்டு இறங்கித் தாயின் மடியில் ஏறிக்கொண்டது. அடுத்த முறை போனபோது இதை மருத்துவரிடமே கேட்கச் சொன்னேன். அவர் சொன்ன பதிலை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பிரசவத்தின்போது வந்திருக்கலாம், சின்ன வயதில் வீட்டுக்குள் ஒரு காயம், ஒரு கீறல் வழியாக வந்திருக்கலாம், ஊசியில் வந்திருக்கலாம், இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார். ஊசி என்றதும் எனக்கு எங்கள் ஊர்க் கம்பவுண்டர் நினைவுக்கு வந்தார். கண்ணாடி சிரிஞ்சு, ஒரே ஊசி, நடுவில் வெந்நீரில் ஒரு முக்கு. காய்ச்சல் பருவத்தில் தெரு முழுக்க அந்த ஒரே ஊசிதான். அது பழங்கதை என்றும் தள்ள முடியாது. 2009இல் குஜராத்தின் மோடாசாவில் பயன்படுத்திய சிரிஞ்சையே திரும்பத் திரும்பக் குத்தியதில் பி பரவிப் பலர் செத்துப் போனார்கள். காய்ந்த ரத்தத் துளியில்கூட இந்த வைரஸ் ஒரு வாரம் உயிரோடு இருக்கும். "நீங்கள் கொடுத்தீர்களா என்று தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உங்கள் மகள், உங்கள் தம்பி, அவர்கள் பிள்ளைகள், யார் யாருக்குப் பார்க்க வேண்டும் என்று தெரிவதற்காகத்தான் கேட்கிறேன்" என்றார் மருத்துவர்.

என்னைக் குடைந்துகொண்டிருந்தது எது என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. அத்தான் கேட்டதும் மருத்துவர் கேட்டதும் ஒரே கேள்விதான். ஒருவர் குற்றவாளியைத் தேடினார், மற்றவர் அடுத்த நோயாளியைத் தேடினார். இரண்டாவது தேடலில் ஒரு உயிர் பிழைத்தது. அக்காவுக்கு இன்று மருந்து நடக்கிறதென்றால் அந்தக் கேள்வியால்தான். முதல் தேடலில் ஒரு பையன் சாப்பிடாமல் கிடந்தான். எங்கள் அம்மா வார்டில் கிடந்தபோதும் கேள்வி கேட்டார்கள், ஆனால் அது குற்றவாளியைத் தேடிய கேள்வி. குடியா என்று கேட்டார்கள், இல்லை என்றோம், அத்தோடு முடிந்தது. பிள்ளைகளுக்கு ரத்தம் பாருங்கள் என்று ஒருவர் சொல்லியிருந்தால் அக்காவின் கல்லீரலில் அந்தத் தழும்பு விழாமலேகூட இருந்திருக்கலாம்.

தினம் ஒரு மாத்திரை

அக்காவுக்கு டெனோஃபோவிர் எழுதினார்கள். தினமும் ஒன்று, அநேகமாக ஆயுள் முழுக்க. பி-யை வேரோடு பிடுங்கும் மருந்து இன்னும் வரவில்லை. கல்லீரல் செல்லின் கருவுக்குள் போய் அது தன் நகலைப் பதுக்கிவைத்துக்கொள்கிறது, மாத்திரையால் அங்கே கைவைக்க முடிவதில்லை. பெருகாமல் அடக்கிவைக்கத்தான் முடியும். அது சின்ன விஷயமில்லை. வைரஸ் அடங்கினால் தழும்பு நிற்கும், சிலருக்குக் குறையவும் செய்யும், புற்றுநோய் வரும் வாய்ப்பும் குறையும். ஆனால் நன்றாகிவிட்டது என்று நினைத்து நிறுத்தினால் அடங்கிக் கிடந்தது ஒரேயடியாகக் கிளம்பிக் கல்லீரலைச் செயலிழக்கச் செய்துவிடலாம். மாத்திரை காசில்லாமல் கிடைக்கிறது. 2018இல் மத்திய அரசு தொடங்கிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி-க்கும் சி-க்கும் சோதனையும் மருந்தும் இலவசம். இதை அந்த பெஞ்சில் உட்காரும்வரை நானும் கேள்விப்பட்டதில்லை. 2022 கணக்கில் இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேருக்கு பி இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் அக்காவைப் போல, "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு சி. பழைய காலத்தில் ஒரு விபத்தில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். 1989இல்தான் சி-யை அடையாளம் கண்டார்கள், இங்கே ரத்த வங்கிகளில் அதைச் சோதிப்பது கட்டாயமாக இரண்டாயிரத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. அவர் என்னிடம் சிரித்துக்கொண்டே, "எனக்குப் பன்னிரண்டு வாரம்தான், முடித்துவிட்டேன்" என்றார். சி-க்கு உண்மையிலேயே தீர்க்கும் மருந்து வந்துவிட்டது. சோஃபோஸ்புவிர் 2013இல் அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்றுச் செய்யத் தொடங்கியதும் விலை எங்கேயோ இறங்கிவிட்டது. சோஃபோஸ்புவிரும் வெல்பாடஸ்விரும் சேர்ந்த மாத்திரையை மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குத் தீர்ந்துவிடும். மாத்திரை முடித்து மூன்று மாதம் கழித்து வைரஸ் இல்லையென்றால் குணம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். ஒரு வேடிக்கை, குணமான பிறகும் எதிர்ப்பொருள் சோதனை பாசிட்டிவ் என்றே காட்டும். அதை மட்டும் பார்க்கிற இடத்தில் குணமானவரும் நோயாளிதான்.

பி-க்குத் தீர்க்கும் மருந்து இல்லாவிட்டாலும் வராமல் தடுக்கும் ஊசி இருக்கிறது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைத்த அந்த ஊசி, 1997இல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே செய்தபிறகுதான் எளியவர்களுக்கு எட்டும் விலைக்கு வந்தது. அரசுத் திட்டத்தில் 2002இல் சில நகரங்களில் தொடங்கி 2011இல் நாடு முழுவதற்கும் வந்தது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும், தாய்க்கு பி இருந்தால் கூடவே தயார் எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலின் ஊசியும். தாயின் வைரல் லோடு அதிகம் என்றால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அவருக்கும் டெனோஃபோவிர் கொடுப்பார்கள். என் அக்கா மகன் பிறந்த வருடம் இதில் எதுவும் எங்கள் ஊர் எல்லைக்கு வந்திருக்கவில்லை.

கத்தார் வேலை போனது போனதுதான், முன்பணத்தில் பாதி திரும்பி வந்தது. வளைகுடா விதிப்படி ஆன்டிஜென் இருந்தால் தகுதியில்லை, அவன் எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும். மின்கம்பி இழுக்கிறவனின் ரத்தத்தில் சில நூறு வைரஸ் இருப்பதால் அந்த ஊர்க் கட்டடத்துக்கு என்ன கேடு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவுவதில்லை, கட்டிப்பிடிப்பதால் பரவுவதில்லை, இருமலில் பரவுவதில்லை. சவர பிளேடும் பல் துலக்கும் பிரஷும் மட்டும் தனியாக இருந்தால் போதும். அப்பத்தாவின் தட்டு விவகாரத்தை அவனுடைய தங்கைதான் முடித்துவைத்தாள். அவளுக்குச் சோதனையில் எதுவும் இல்லை, தடுப்பூசி போட்டுக்கொண்டாள். ஒரு நாள் அந்தத் தனித் தட்டை எடுத்து அதிலேயே தான் சாப்பிட்டுவிட்டு மற்றத் தட்டுகளோடு கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அப்பத்தா பார்த்துக்கொண்டுதான் இருந்தார், எதுவும் சொல்லவில்லை.

இப்போது அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். பெண் வீட்டாரிடம் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. அந்தப் பெண்ணுக்கு ரத்தம் பார்த்து, தொற்று இல்லையென்றால் முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று ஊசி போட்டு, எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று ஒரு சோதனையும் பார்த்துவிட்டால் பிறகு பயப்பட ஒன்றுமில்லை, அதைச் சொல்லிச் செய்வதுதானே முறை என்கிறேன். அக்கா, "சொன்னால் யார் பெண் கொடுப்பார்கள்? எப்படி வந்தது என்று கேட்பார்களே, நான் என் பெயரைச் சொல்லவா, நம் அம்மா பெயரைச் சொல்லவா?" என்கிறார். எனக்கு அதற்கு இன்னும் பதில் தெரியவில்லை. அவன் எங்கள் இருவர் பேச்சையும் கேட்டுவிட்டு, "மாமா, பெண்ணை முடிவு செய்யுங்கள், அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்" என்றான். போன வாரம் சோதனைக்குப் போனவன் மருத்துவரிடம் அந்த மூன்று ஊசிகளின் தேதி இடைவெளியைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வந்திருக்கிறான்.